காருக்கு ஒரு காய்ச்சல் சார்ட்

ஸ்ரீரங்கத்தில் அந்த டாக்டரம்மாவிடம் தலைவலி என்று போனவர்கள், வெளியே வரும்போது வலி எந்தப் பக்கம் இருந்தது என்பதையே மறந்திருப்பார்கள். அத்தனை கேள்வி கேட்பார். "எப்பலேருந்து?" என்று ஆரம்பிக்கும். அதற்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள், ஜன்னல் எந்தப் பக்கம், யாரோடாவது சண்டையா என்று போய்க்கொண்டே இருக்கும். ஒருவரை அனுப்புவதற்குள் பெஞ்சில் இருப்பவர்களுக்கு இன்னொரு நோய் வந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அவசரக்காரர்கள் அடுத்த தெரு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு போவார்கள். அந்த ஊசிக்கு மசியாத நோய் மட்டும் இரண்டு மாதம் கழித்து இந்த அம்மாவிடம் வந்து உட்காரும்.

கோயில் கைங்கரியத்தில் இருந்த பெரியவர் ஒருவர், சர்க்கரை வியாதிக்காரர், மாதாமாதம் வருவார். கதவுக்கு வெளியே நிற்கிற எனக்குப் பேச்சு அப்படியே கேட்கும்.

"நேத்து என்ன சாப்பிட்டேள்?" அவரிடம் பேசும்போது அம்மாவுக்கு அவர் பாஷையே வந்துவிடும்.

"விசேஷமா ஒண்ணும் இல்லை. பெருமாள் பிரசாதம்."

"என்ன பிரசாதம்?"

"அக்காரவடிசல்."

"எவ்வளவு?"

"பிரசாதத்துக்கு அளவு உண்டோம்மா?"

"பெருமாளுக்குச் சர்க்கரை வியாதி இல்லை. உங்களுக்கு இருக்கு. எவ்வளவு?"

அவர் கடைசியில் ஒப்புக்கொண்டது ஒரு தூக்குப் பாத்திரம்.

எழுபதுகளின் கடைசியில் நான் டாக்டரம்மாவிடம் டிரைவராகச் சேர்ந்தேன். அதற்கு முன்னால் மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலை கேட்டுப் போன அன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் செருகுமா என்றார். ஓட்டும்போது பாட்டுப் பாடுவேனா என்றார். அப்பா எப்படிச் செத்தார் என்றார். முக்கால் மணி நேரம் கழித்து, "வேலை உண்டு. ஆனா கண்ணாடி போடணும், இடது கண்ணு கொஞ்சம் கம்மி" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வேலை கேட்கப் போனவன் நோயாளியாகத் திரும்பினேன்.

அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மேலப்புதூரில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில், காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்த தம்பியோடு இருந்தார். காலையில் அந்தக் கோயில் பூசை முடிந்ததும் புறப்பட்டு, காவேரிப் பாலம் தாண்டி, அம்மா மண்டபம் ரோட்டு க்ளினிக்குக்குப் போவோம். சாம்பல் நிறக் கார். வயதான கார்தான், ஆனால் என்னை ஒரு நாளும் நடுவழியில் நிறுத்தியதில்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் பாலத்தின் மேல் போகும்போது, எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் விறுவிறுவென்று சிவப்புக்கோடு வரைக்கும் ஏறியது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தேன். ஆவி இல்லை, கொதிப்பு இல்லை. திரும்பி வந்து பார்த்தால் முள் நடுவில் சாதுவாக நிற்கிறது. அடுத்த நாளும் அப்படியே. பிறகு தினம்.

"ஏறி இறங்குற காய்ச்சல்" என்றார் அம்மா, பின்சீட்டிலிருந்து. அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் கட்டில் காலில் தொங்குமே, அந்தக் காய்ச்சல் சார்ட் ஒன்றை என் சீட்டின் முதுகில் கயிறு போட்டுக் கட்டினார். முள் எனக்குத்தான் தெரியும். அவர் கேட்பார், நான் சொல்வேன்.

"பாலம் ஏறும்போது?"

"நடுவுலங்கம்மா."

"நடுப்பாலம்?"

"மேல போயிடுச்சுங்கம்மா."

"இறங்கும்போது?"

"பாதிக்கு வந்துடுச்சுங்கம்மா."

சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். ஒரே வாரத்தில் அந்தச் சார்ட் மலைக்கோட்டைப் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கிக் கிடந்தது. சமயபுரத்துக்கு நடந்து போகிற பக்தர்கள் யாராவது வழியில் நின்று எங்களைப் பார்த்தால், அந்த அம்மா ஜெபம் சொல்லி டிரைவர் பதில் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

பாலக்கரையில் ஒரு பாய் மெக்கானிக். கெட்டிக்காரர். முள்ளைப் பார்த்தார், பானெட்டைத் தட்டினார். "தெர்மோஸ்டாட் போச்சு, டாக்டரம்மா. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல சின்னக் கதவு மாதிரி இருக்கும். அது சரியாத் திறக்க மாட்டேங்குது."

"எப்படிச் சொல்றீங்க?"

"அனுபவந்தாங்க."

"இதே மாதிரி கடைசியா வந்த நாலு வண்டில, எத்தனை வண்டிக்கு அதுதான் காரணமா இருந்துச்சு?"

பாய் தலையைச் சொறிந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ரெண்டுன்னு வச்சுக்கங்களேன்."

"அப்ப பூவா தலையா போட்டுப் பாத்துடலாமே?"

இருந்தாலும் கதவை மாற்றினார். முள் கேட்கவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி அலசினார். அப்போதும் கேட்கவில்லை. இதில் ஒரு விசித்திரம், ஒர்க்ஷாப்பிலிருந்து வண்டி எடுத்தால் ஒரு நாள், இரண்டு நாள் முள் ஒழுங்காக இருக்கும். அப்புறம் பழையபடி. "க்ளினிக்குக்கு வந்தா எல்லாருக்கும் இருமல் நின்னுடும். நாம வேலையைப் பாப்போம்" என்றார் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வீட்டு வாசலிலேயே பரிசோதனை வைத்தார். பாயும் வந்திருந்தார். தம்பி வாத்தியார் காலேஜ் லேபிலிருந்து நீளமான தெர்மாமீட்டரை டவலில் சுற்றிக் கொண்டுவந்தார். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து அதை உள்ளே விட்டு, என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்கள். வாத்தியார் பரீட்சை ஹாலில் மணி சொல்கிற குரலில் "ஐம்பது… அறுபத்தைந்து… எண்பது" என்றார். எண்பதிலேயே நின்றது. கால் மணி நேரம் ஓடியும் எண்பது. ஆனால் எஞ்சின் உதறிய உதறலில் டேஷ்போர்டு முள் மட்டும் சிவப்பைத் தொட்டுவிட்டது.

அம்மா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். "தண்ணிக்குக் காய்ச்சல் இல்லை. காய்ச்சல்னு சொல்றவருக்குத்தான் ஏதோ வியாதி."

பாய் முள்ளையே புதிதாக மாற்றினார். மூன்றாம் நாள் புது முள்ளும் ஆடியது. பாய் வானத்தைப் பார்த்து, "அல்லாதான் பாத்துக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அம்மா என்னைக் கேட்டார்.

"டிரைவர், இது ஆரம்பிக்கறதுக்கு முந்தின வாரம் வண்டில என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலீங்கம்மா."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேங்கம்மா. ஒண்ணுமில்லை."

அது பொய். அந்த வாரம் ஸ்டியரிங்குக்குக் கீழே, என் முட்டிக்கு நேராக, பின்சீட்டுக்குத் தெரியாத இடத்தில் சமயபுரத்தம்மன் படம் ஒன்று வைத்து, அதற்குச் சுண்டைக்காய் அளவு சிவப்பு பல்பு மாட்டியிருந்தேன். ஒர்க்ஷாப்புக்குப் போகும்போதெல்லாம் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன், இரண்டு நாள் கழித்துத் திரும்ப மாட்டுவேன். பல்பைச் சொன்னால் படத்தைச் சொல்ல வேண்டும். படத்தைச் சொன்னால் எதற்கு என்று கேட்பார். எதற்கு என்பதைத்தான் என்னால் அந்த அம்மாவிடம் சொல்ல முடியாது. அதோடு, பத்து வருஷம் லாரி ஓட்டியவன் நான். விளக்குக்கும் எஞ்சின் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நிஜமாகவே நினைத்தேன்.

தை மாதம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து போன். அங்கே நெல் காயப்போடுகிற பெண்ணுக்கு ராத்திரியிலிருந்து வலி, பிள்ளை குறுக்கே கிடப்பதாக மருத்துவச்சி சொல்கிறாள், உடனே வர வேண்டும். அம்மா பையை எடுத்துக்கொண்டு ஏறினார். கொள்ளிடம் பாலத்தில் பாதி போயிருப்போம். முள் சிவப்பில் நின்றது. வண்டி இரண்டு முறை குலுங்கி ஓய்ந்தது.

"நிஜமாவே சூடாயிடுச்சுங்கம்மா" என்று இறங்கி ஓடினேன். அம்மாவும் இறங்கி வந்து ரேடியேட்டர் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார், குழந்தை நெற்றியில் வைப்பதுபோல.

"கொதிக்கலையே. வேற எதனால நிக்கும்?"

"தெரியலீங்கம்மா."

"பெட்ரோல்?"

"அரை டாங்க் காட்டுதுங்கம்மா."

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த லாரியைக் கை காட்டி நிறுத்தினார். ஐம்பது வயது, ஆறு கஜம் புடவை, கையில் பை. டிரைவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். லாரி புறப்படும்போது அந்த டிரைவர் இருமினார். "எப்பலேருந்து இந்த இருமல்?" என்று அம்மா கேட்டது என் காதில் விழுந்தது. பாவம், டோல்கேட் தாண்டி மண்ணச்சநல்லூர் வரைக்கும் பதில் சொல்லியிருப்பார். பத்து நாள் கழித்து எக்ஸ்ரே கவரோடு அந்த ஆள் எங்கள் க்ளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நான் தனியாகப் பாலத்தில் நின்றேன். எதற்கும் பார்ப்போம் என்று, ரோட்டோரம் கிடந்த நீளக் குச்சியைப் பெட்ரோல் டாங்குக்குள் விட்டேன். குச்சி காய்ந்த நுனியோடு வெளியே வந்தது.

டாங்க் காலி. முள் அரை டாங்க் என்கிறது.

அப்போதுதான் உறைத்தது. சூட்டு முள் ஏறும்போதெல்லாம் பக்கத்தில் பெட்ரோல் முள்ளும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. போடாத பெட்ரோல் ஏறினால் யார் புகார் சொல்லப் போகிறார்கள்? அம்மா சூட்டைத்தான் கேட்டார், நான் சூட்டைத்தான் சொன்னேன்.

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். அங்கே ஒரு சின்ன டப்பா இருக்கும். இரண்டு முள்ளுக்கும் அளவாகக் கரண்ட் கொடுப்பது அதுதான். அதை வண்டி உடம்போடு சேர்த்துப் பிடிக்கிற எர்த் நட்டில்தான் என் பல்பு ஒயரைச் செருகியிருந்தேன். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, அவசரத்தில் ஒவ்வொரு முறையும் விரலாலேயே திருகிவிட்டிருக்கிறேன். தொட்டேன். நட்டு பம்பரம் மாதிரி சுற்றியது. அது தளர்ந்தால் கரண்ட் அளவு தப்பி இரண்டு முள்ளும் ஏறாமல் என்ன செய்யும்?

பல்பைப் பிடுங்கினேன். படத்தைச் சட்டைப்பையில் வைத்தேன். ஸ்பேனர் போட்டு நட்டை இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் முள் தரையில் படுத்தது. சூட்டு முள் நடுவில் நின்றது.  அங்கே ஒரு பெண் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள், இங்கே நான் விரலால் திருகிய நட்டு.

டோல்கேட் பங்கில் கேனில் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, மில் வாசலில் ஒருவர் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தார். ஆண் பிள்ளை, தாயும் நலம். அம்மா கை கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"வண்டிக்கு என்ன?"

"பெட்ரோல் தீந்துடுச்சுங்கம்மா."

"அரை டாங்க்னீங்க?"

"முள்ளு… தப்பாக் காட்டியிருக்குங்கம்மா."

அம்மாவின் கை சோப்போடு நின்றது. "அப்ப ரெண்டு முள்ளும் பொய் சொல்லுது. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரே நாள்ல வயித்தால போனா ஆளைப் பாக்கக்கூடாது டிரைவர், குடிக்கிற தண்ணியைப் பாக்கணும்."

அன்றிலிருந்து முள் ஆடவே இல்லை. நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். அம்மாவைத் தெரியாமல் நினைத்துவிட்டேன். நோய் போனதில் அவருக்குச் சந்தோஷமே இல்லை.

"பாலம் ஏறும்போது?"

"நடுவுலங்கம்மா."

"இறங்கும்போது?"

"நடுவுலதாங்கம்மா."

"தானா வந்தது தானாப் போகாது" என்று முணுமுணுப்பார். சார்ட்டில் சிவப்புக்கோடு தண்டவாளம் மாதிரி நேராகப் போனது. நேராகப் போகப் போக அவருக்குத் தூக்கம் கெட்டது. பேசாமல் நட்டைத் திரும்பத் தளர்த்திவிட்டு எல்லாருமாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது வாரம் அம்மா வண்டியைப் பாய் ஒர்க்ஷாப்புக்கு விடச் சொன்னார். "ரெண்டு முள்ளுக்கும் பொதுவா என்ன இருக்கு?" என்று கேட்டார். பாய் கொஞ்சம் யோசித்தார், பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்தார். அவர் குரல் மட்டும் வந்தது. "நட்டு நல்லா இறுக்கமாத்தான் இருக்கு டாக்டரம்மா. ஆனா இது புதுசா இறுக்கினது. ஸ்பேனர் பட்ட இடம் பளபளன்னு இருக்கு. இதை நான் இறுக்கல."

வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை. "வண்டியை எடுங்க" என்றார்.

காவேரிப் பாலம் ஏறியதும் ஆரம்பித்தார்.

"நட்டை இறுக்கினது யாரு?"

"நான்தாங்கம்மா."

"தளர்த்தினது?"

"அதுவும் நான்தாங்கம்மா."

"எதுக்கு?"

"ஒரு சின்ன பல்பு மாட்டினேங்கம்மா."

"பல்பு எதுக்கு?"

"சாமி படத்துக்கு."

"எந்தச் சாமி?"

"சமயபுரத்தம்மா."

"திடீர்னு என்ன?"

"வேண்டுதலுங்கம்மா."

"யாருக்கு என்ன ஆச்சு?"

தப்பிக்க வழியில்லை. முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பாப்பாவுக்கு வைகாசில மணல்வாரி போட்டிருந்துச்சுங்கம்மா. ஆறு வயசுங்க. அம்மை போட்டா மருந்து குடுக்கக்கூடாதும்பாங்க வீட்ல. வேப்பிலை கட்டி, மஞ்சத்தண்ணி ஊத்தி… இறங்கிடுச்சு. உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன்."

டாக்டரிடம் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளையைக் காட்டாமல் இருந்தவன். சீட்டைக் கிழித்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"இப்ப எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்கம்மா. கொஞ்சம் பிடிவாதம் ஜாஸ்தியாயிடுச்சு. கூப்பிட்டாத் திரும்பவே மாட்டேங்கறா."

"எப்பலேருந்து?"

"அது… அந்த அம்மைக்கு அப்புறந்தாங்க…"

சொல்லும்போதே என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"வண்டியைத் திருப்புங்க."

"அம்மா, க்ளினிக்ல இருபது பேர்…"

"திருப்புங்க."

பாலத்தில் திருப்ப இடமில்லை. மாம்பழச் சாலை போய்த் திருப்பிக்கொண்டு எடமலைப்பட்டி புதூருக்கு விட்டேன். காரிலிருந்து அம்மா இறங்குவதைப் பார்த்து என் மனைவி அரிசி முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பாப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் சாக்பீஸால் கோழி வரைந்துகொண்டிருந்தது. அம்மா எங்களைப் பேச வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, நாலடி பின்னால் நின்று, மெதுவாக, "பாப்பா" என்றார். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக. திரும்பவில்லை. கையைத் தட்டினார். அப்போதுதான் திரும்பியது.

கூப்பிட்டுத் திரும்பவில்லை என்று நான் அவளை இரண்டு தடவை அடித்திருக்கிறேன்.

டார்ச் அடித்துக் காதைப் பார்த்தார். இரண்டிலும் சீழ். "எண்ணெய் காய்ச்சி ஊத்தினேங்க" என்று என் மனைவி அழுதாள். "இனி ஒண்ணும் ஊத்தாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது அம்மா என் பக்கத்தில், முன்சீட்டில் உட்கார்ந்தார். ஜங்ஷன் தாண்டியது. பிறகு சொன்னார், "ஏழு மாசமா இந்த வண்டிக்குச் சார்ட் எழுதினேன். ஓட்டறவரை ஒரு நாள்கூட, வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு கேக்கல."

"என் தப்புங்கம்மா. நான் பொய் சொன்னேன்."

"எல்லாரும்தான் சொல்றாங்க. கேக்க வேண்டியது என் வேலை." ஸ்டியரிங்குக்குக் கீழே எட்டிப் பார்த்து, "படம் எங்க?"

சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன்.

"இருந்த இடத்துலயே மாட்டுங்க. தளர்ந்தது நட்டு, அந்தம்மா என்ன பண்ணாங்க? ஆனா ஒயரை மட்டும் பாயை விட்டுப் போடச் சொல்லுங்க. நீங்க கையை வைக்காதீங்க."

பெரியாஸ்பத்திரியில் காது டாக்டர் ஒருவர் அவருக்குத் தெரிந்தவர். அவரிடம் காட்டி மருந்து எழுதி வாங்கினார். சீழ் வற்ற இரண்டு மாதம் ஆயிற்று. ஞாயிறுதோறும் பூசை முடிந்து அம்மாவே எங்கள் வீட்டுக்கு வருவார். வந்ததும் பாப்பாவைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, பின்னால் நின்று ரகசியக் குரலில் பேர் கேட்பார். காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க அப்படித்தான் செய்வார்களாம். முதல் வாரம் பதிலே வரவில்லை. மூன்றாவது வாரம், கொஞ்சம் உரத்து எனக்கும் கேட்கிற குரலுக்குப் பதில் வந்தது. என் மனைவி காபி டம்ளரோடு கதவோரம் நின்று, உதட்டை மட்டும் அசைத்துப் பாப்பாவின் பேரைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு. பாப்பா சுவரைப் பார்த்து நின்றது. அம்மா வாசல்படி வரைக்கும் பின்னால் போனார். இரண்டடி தள்ளி நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "உன் பேர் என்ன?" என்றார்.

பாப்பா திரும்பவில்லை. 

பிறகு சுவரைப் பார்த்தபடியே, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னது:

"ஒவ்வொரு வாரமும் சொல்றேன்ல? உங்களுக்குத்தான் காது கேக்கல."